திருப்பி அழைக்கும் எண்

கடித எண் 11
1999 பிப்ரவரி 15, திங்கட்கிழமை, மாலை மணி 6.40
ஸ்காட் ரோடு, பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

அன்புள்ள மீனலோசனிக்கு,

பிரமாதி ஆண்டுப் பஞ்சாங்கத்தின் பக்கங்களை உன் அச்சகத்துக்கு அனுப்பும் முயற்சி இன்றும் தோல்வியில் முடிந்தது. அதை அறிவிப்பதற்காகவே இக்கடிதம். வேறு விஷயம் எதுவும் இதில் இல்லை.

நடந்ததை வரிசைப்படி எழுதுகிறேன். என் மேசைக் கணினியிலிருந்து, கோப்பு அனுப்பும் முறையான எஃப்.டி.பி. வழியாக உன் கடையின் சர்வரை அழைத்தேன். சர்வர் பதிலளித்தது. பெயர் கேட்டது, கொடுத்தேன். கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன். வரவேற்புச் செய்தியும் வந்தது. ஆனால் கோப்பை அனுப்பக் கட்டளையிட்டதும் திரை அப்படியே நின்றுவிட்டது. கோப்பு வேண்டாம், உள்ளே என்னென்ன இருக்கின்றன என்ற பட்டியலையாவது காட்டு என்று கேட்டேன். அதுவும் இல்லை. சற்று நேரம் கழித்து, இணைப்பை ஏற்படுத்த முடியவில்லை என்று ஒரு வரி வந்தது. ஆளை உள்ளே அழைத்து நாற்காலியும் போட்டுவிட்டு, கையில் கொண்டுவந்ததை வாங்கமாட்டேன் என்று சொல்வது எந்த ஊர் மரியாதை?

பழுது உன் பக்கத்தில்தான். என் பக்கத்தில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. இணையத்துக்கும் என் கணினிக்கும் நடுவே வாசற்கணினி ஒன்றை ஃபயர்வாலாக நிறுத்தியிருப்பது உனக்குத் தெரியும். என் கணினியும் மாடியில் குடியிருக்கும் வீரசிங்கத்தின் கணினியும் அதன் வழியாகத்தான் வெளியே போகின்றன. நாங்கள் வெளியே அழைக்கலாம். வெளியிலிருந்து யாரும் எங்களை அழைக்க முடியாது. வீரசிங்கம் தினமும் நியூசிலாந்துக்காரர் ஒருவருடன் சதுரங்கம் ஆடுகிறார். அவருக்கு ஒரு தடையும் இல்லை.

மார்ச் 8, திங்கட்கிழமை நீ அச்சுக்கான ஃபிலிம் எடுக்கவேண்டும். அந்த நாள் தவறினால் சித்திரைப் பிறப்புக்கு முன் புத்தகம் கோயில்களுக்குப் போய்ச் சேராது. கோயில்கள் ஒன்றியத் தலைவர் கார்த்திகேசு, சென்னைப் பஞ்சாங்கம் ஒன்றைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். அதில் உள்ள நேரமெல்லாம் இந்திய நேரம். நமக்கும் அதற்கும் இரண்டரை மணி வித்தியாசம். இந்த ஊர்ச் சூரியனுக்குப் பதினேழு ஆண்டுகளாக நான் கணித்து வந்தது இத்துடன் நின்றுபோகும். நின்றால் மறுபடி தொடங்க எனக்கு வயதில்லை.

ஆகவே உன் சர்வரைச் சரிபார்க்கவும்.

இப்படிக்கு,
முத்துக்குமாரு

இணைப்பு: திரையில் வந்த பிழைச் செய்தியின் அச்சுப்படி, ஒரு தாள்.


கிள்ளான்
18.2.1999

அன்புள்ள அப்பா,

சீனப் புத்தாண்டுக்குக் கடை இரண்டு நாள் மூடியிருந்தது. இன்று காலைதான் உங்கள் கடிதத்தைப் பார்த்தேன்.

சர்வரைச் சரிபார்த்துவிட்டோம். சௌதாவை உங்களுக்கு நினைவிருக்கும். அம்மாவின் காரியத்தன்று சமையலறையை விட்டு நகராமல் நின்ற பெண். இப்போது எங்கள் கணினி வேலையெல்லாம் அவள்தான் பார்க்கிறாள். சர்வரின் பதிவைத் திறந்து பார்த்தவள் சிரித்துவிட்டாள்.

"அக்கா, அங்கிள்கிட்ட சொல்லுங்க, நம்ம லைன் எல்லாம் ஓகேலா. அவர் கோப்பு அனுப்பறேன்னு சொன்னதும் நம்ம சர்வர் அவரைத் திருப்பிக் கூப்பிட்டிருக்கு. அங்கதான் யாரும் எடுக்கல."

அவள் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். எஃப்.டி.பி.யில் ஒரே இணைப்பில் எல்லாம் நடப்பதில்லை. பேசுவதற்கு ஓர் இணைப்பு. சரக்குக்கு வேறோர் இணைப்பு. முதல் இணைப்பில் நீங்கள் எங்களை அழைக்கிறீர்கள். இரண்டாவதில் நாங்கள் உங்களைத் திருப்பி அழைக்கவேண்டும். உங்கள் வாசற்கணினி அந்த இரண்டாவது அழைப்பை உள்ளே விடுவதில்லை. சதுரங்கத்துக்கு ஒரே இணைப்புப் போதும். அதனால் வீரசிங்கம் மாமாவுக்குச் சிக்கல் இல்லை.

எனக்கும் மார்ச் 8 நினைவிருக்கிறது. டிஸ்கெட்டில் போட்டுக் கையோடு கொண்டு வாருங்களேன். கொமுட்டர் ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரம். நிலையத்திலிருந்து கடைக்கு நடந்தே வந்துவிடலாம்.

மீனா


கடித எண் 12
1999 பிப்ரவரி 20, சனிக்கிழமை, முற்பகல் மணி 10.15
ஸ்காட் ரோடு, பிரிக்பீல்ட்ஸ்

அன்புள்ள மீனலோசனிக்கு,

உன் 18ஆம் தேதிக் கடிதம் நேற்று கிடைத்தது.

டிஸ்கெட் பற்றி: பதினான்கு மெகாபைட் கோப்பைப் பத்தாகப் பிரித்து ஜனவரியில் தபாலில் அனுப்பினேன், நான்காவதை உன் கணினியால் படிக்க முடியவில்லை. வீரசிங்கத்தின் கையில் கொடுத்தனுப்பினேன், ஏழாவதைப் படிக்க முடியவில்லை. பத்தில் ஒன்று கெட்டாலும் மற்ற ஒன்பதும் வீண். மின்னஞ்சலில் இவ்வளவு பெரிய கோப்பு ஏறாது. நான் நேரில் வருவது பற்றி: சென்ற செப்டம்பர் 13 அன்று என் வாசலில் நின்று, "இனிமே நீங்க கூப்பிட்டாத்தான் வருவேன்" என்று சொன்னது நீ. பெற்ற மகள் தன் வீட்டுக்கு வர அழைப்புக் கேட்டாள். அந்த மகளின் கடைக்கு நான் எந்த அழைப்பின் பேரில் வருவது?

இனி உன் சௌதா சொன்னது. தொலைபேசி நிலையத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். ஒருவர் அழைத்தால் அந்த இணைப்பிலேயே இருவரும் பேசுவார்கள். பேச்சின் நடுவே அழைக்கப்பட்டவர் இன்னொரு கம்பி வழியாக அழைத்தவரைத் திருப்பி அழைப்பது எங்கும் இல்லை. இதை வடிவமைத்தவர் தொலைபேசியைக் கண்ணால் கண்டவராக இருக்கமுடியாது.

இருந்தாலும் சோதித்தேன். நேற்று மாலை என் வாசற்கணினியில் உன் கடையின் முகவரிக்கு மட்டும் வெளி அழைப்பை அனுமதித்தேன். அப்படியும் கோப்பு போகவில்லை. ஆகவே பழுது உன் பக்கத்தில்தான் என்பது உறுதியாகிறது. மாடியிலிருந்து இறங்கி வந்த வீரசிங்கம் திரையைப் பார்த்துவிட்டு, "என்ன முத்துக்குமாரு, எக்ஸ்சேஞ்சே ஓட்டின ஆளு, மகளுக்கு ஒரு கோல் கனெக்ட் பண்ண முடியலையா?" என்று கேட்டார்.

முத்துக்குமாரு

இணைப்பு: வாசற்கணினியின் தற்போதைய விதிகள், அச்சுப்படி, இரண்டு தாள்கள்.


கிள்ளான்
24.2.1999

அன்புள்ள அப்பா,

முதலில் கோப்பு.

நீங்கள் வாசலைத் திறந்தது உண்மைதான். ஆனால் எங்கள் சர்வர் உங்கள் வாசலுக்கு வரவே இல்லை. ஏன் என்று பதிவில் தெளிவாக இருக்கிறது. திருப்பி அழைப்பதற்கு உங்கள் கணினி ஒரு முகவரி கொடுத்திருக்கிறது. அது உங்கள் வீட்டுக்குள் மட்டும் செல்லுகிற முகவரி. வெளியுலகத்துக்கு அப்படி ஒரு முகவரி இருப்பதே தெரியாது. சௌதா சொன்னாள்: "எக்ஸ்டென்ஷன் ரெண்டுக்குக் கூப்பிடுன்னு சொல்லிட்டுப் போனை வச்சுட்டா, எந்த ஆபீஸ் எக்ஸ்டென்ஷன் ரெண்டுன்னு நான் தேடறது? கே.எல். பூரா தேடணுமா?" இதை எழுதவேண்டாம் என்றாள். நான் எழுதுகிறேன்.

இதற்கு வழி இருக்கிறது. வாசற்கணினியில் எஃப்.டி.பி.க்கென்று மாடியூல் என்கிற ஒரு சின்னத் துணை நிரலை ஏற்றவேண்டும். நீங்கள் எங்கள் சர்வரோடு பேசும்போது அது கவனித்துக்கொண்டிருக்கும். உள் முகவரியை நீங்கள் சொன்னதும் அதை எடுத்துவிட்டு, உங்கள் வீட்டின் வெளி முகவரியைப் போட்டு அனுப்பும். நாங்கள் திருப்பி அழைத்தால் அந்த ஓர் அழைப்பை மட்டும் உங்கள் மேசைக்குக் கொண்டுவந்து விடும். வேலை முடிந்ததும் வாசலை மூடிவிடும். உங்கள் கணினியில் அது ஏற்கெனவே இருக்குமாம். ஒரே ஒரு கட்டளை போதுமாம். கட்டளையைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.

அடுத்து, செப்டம்பர் 13.

நான் சொன்னதை எழுதிய நீங்கள், ஏன் சொன்னேன் என்று எழுதவில்லை. அம்மாவின் முதல் திவசம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. இரண்டாவதும் ஞாயிறுதான் என்று நினைத்துக்கொண்டேன். விடியற்காலையில் எழுந்து சமைத்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டிக் கூட்டிக்கொண்டு வந்தால், வாசலில் நின்று, "திவசம் நேற்றே முடிந்தது" என்றீர்கள். அழைத்துச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "நாற்பத்தெட்டாம் பக்கத்தில் போட்டிருக்கிறேன். அச்சடித்தவளே நீதானே?" என்றீர்கள். அப்பா, நான் அச்சடிக்கிறவள். எழுத்து நேராக விழுந்திருக்கிறதா, மை படிந்திருக்கிறதா என்று பார்க்கிறவள். என் அம்மாவின் திவசத்தை நாற்பத்தெட்டாம் பக்கத்தில் தேடவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தொலைபேசி உங்கள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

மீனா


கடித எண் 13
1999 பிப்ரவரி 27, சனிக்கிழமை, பிற்பகல் மணி 3.05
ஸ்காட் ரோடு, பிரிக்பீல்ட்ஸ்

மீனலோசனிக்கு,

உள் இணைப்பு எண்ணை வெளியாருக்குக் கொடுத்தது என் கணினியின் தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். தொலைபேசித் துறையில் புதிதாகச் சேர்ந்தவன்கூட அப்படிச் செய்யமாட்டான். அந்த ஒப்புமையைச் சொன்ன சௌதாவுக்கு என் பாராட்டைத் தெரிவிக்கவும்.

ஆனால் நீ சொல்லும் மாடியூலை நான் ஏற்றமாட்டேன்.

காரணம் எழுதுகிறேன். 1951இல் தொலைபேசி நிலையத்தில் சேர்ந்த அன்று ஓர் உறுதிமொழியில் கையொப்பமிட்டேன். சந்தாதாரர்களின் பேச்சைக் கேட்கமாட்டேன், மாற்றமாட்டேன், வெளியிடமாட்டேன் என்பது அதன் சாரம். இரு கம்பிகளையும் செருகி இணைத்தவுடன் நாம் விலகிவிடுவதுதான் முறை. ஒரு விநாடி கூடுதலாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வேலை இழந்ததைப் பார்த்திருக்கிறேன். என் வீட்டு வாசலில் ஒருவன் நின்று, போகிற வருகிற பேச்சையெல்லாம் கேட்பதும், நடுவில் ஒரு சொல்லை எடுத்துவிட்டு வேறு சொல்லை வைப்பதும், ஓய்வு பெற்றுப் பதினேழு ஆண்டுகள் ஆனாலும் எனக்கு ஒவ்வாத காரியம். அதே வாசலின் வழியாகத்தான் வீரசிங்கத்தின் பேச்சும் போகிறது. அவரிடம் கேட்டேன். "என் ஆட்டத்தைக் கேட்டு அது என்ன செய்யப்போகுது? கேட்டா அதுவும் தோக்கத்தான் கத்துக்கும்" என்றார். அவருக்கு எல்லாம் விளையாட்டு.

மாற்று வழி உண்டு. கைநூலைப் படித்துப் பார்த்தேன். பாசிவ் என்றொரு முறை இருக்கிறது. அதில் நீ என்னைத் திருப்பி அழைக்கவேண்டியதில்லை. இரண்டாவது இணைப்பையும் நானே அழைக்கிறேன். என் வாசலில் எந்த மாற்றமும் தேவையில்லை. உன் கடையின் ஃபயர்வாலில் மட்டும் ஒரு வரிசை நுழைவு எண்களைத் திறந்து வைத்தால் போதும். இரண்டு நிமிட வேலை. இன்றே செய்யவும். இன்னும் ஒன்பது நாட்கள்கூட முழுதாக இல்லை.

செப்டம்பர் பற்றி நான் சொல்வதற்கு எதுவும் இல்லை. தேதி அச்சில் இருந்தது.

முத்துக்குமாரு

இணைப்பு: எதுவும் இல்லை.


கிள்ளான்
2.3.1999

அப்பா,

முடியாது.

சென்ற ஆண்டு ஜூனில் எங்கள் கடையின் சர்வருக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். திறந்து வைத்திருந்த எண்கள் வழியாகத்தான். காப்பாரில் நடக்கவிருந்த ஒரு கல்யாணத்தின் அழைப்பிதழ், மறுநாளே அச்சடித்துக் கொடுக்கவேண்டியது, அழிந்தது. கோயில் கும்பாபிஷேக மலரின் பாதிப் பக்கங்கள் அழிந்தன. பெண்ணின் தகப்பனார் கடைக்கு வந்து நின்றார். திட்டவில்லை. வெறுமனே நின்றார். அன்றைக்கு ஒரே ஓர் எண்ணைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மூடினேன். ஊரார் கொடுத்து வைத்திருக்கிற கோப்புகள் இங்கே இருக்கின்றன. உங்களுக்காகக்கூட அந்த வரிசையைத் திறக்கமாட்டேன். உங்கள் வாசலில் ஒரே ஓர் அழைப்பை உள்ளே விடுவதும், என் வாசலில் நூறு எண்களைத் திறந்து வைப்பதும் ஒன்றல்ல.

நேற்று கார்த்திகேசு அங்கிள் வந்தார். சென்னைப் பஞ்சாங்கத்தின் குறுந்தட்டை மேசையில் வைத்தார். "சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பாக்குறேன்மா. உங்கப்பா கணக்குல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா கோயிலுக்கெல்லாம் புஸ்தகம் வேணுமில்லையா?" என்றார். நியாயம்தான். ஞாயிறு காலை எந்தக் கோப்பு என் சர்வரில் இருக்கிறதோ, அதைத்தான் திங்கட்கிழமை ஃபிலிம் எடுப்பேன். பதினேழு ஆண்டுகளாக உங்கள் பக்கங்களை அச்சடித்த கையால் வேறொருவர் பக்கங்களை ஏற்றுவது எனக்கு எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் உறுதிமொழியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்கவேண்டாம். இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டு, இது மூன்றாவது.

எனக்குக் கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து அம்மா வெள்ளிக்கிழமை தோறும் கூப்பிடுவாள். எட்டு மணிக்கு. அவள் எண்ணைச் சுழற்றுகிற சத்தம் கேட்டதுமே நீங்கள் எழுந்து வெளியே போய்விடுவீர்களாம். "உங்கப்பா அடுத்தவங்க பேச்சைக் கேக்கமாட்டாரு, பொண்டாட்டி பேச்சா இருந்தாலும்" என்று சிரிப்பாள். முதலில் சிரிப்புத்தான். பின்னாளில் அவள் சிரிக்கவில்லை. ஒருநாள், "நான் உங்கிட்ட என்ன பேசுனேன்னு இத்தனை வருசத்துல அவரு ஒரு தடவை கேட்டிருந்தா, எவ்வளவோ உங்கிட்ட சொல்லியிருக்க வேண்டாம்" என்றாள்.

அப்பா, அம்மா சந்தாதாரர் இல்லை.

அந்த மாடியூல் யாருடைய பேச்சையும் சேர்த்து வைப்பதில்லை. சௌதாவிடம் மூன்று தடவை கேட்டுவிட்டேன். வீரசிங்கம் மாமாவின் ஆட்டம் அதன் காதில் விழவே விழாது, எஃப்.டி.பி. பேச்சில், அதுவும் எங்கே திருப்பி அழைக்கவேண்டும் என்ற ஒரு சொல்லை மட்டும்தான் அது தேடுகிறது. அதைக்கூடக் கேட்காவிட்டால் எதிர்முனையில் இருப்பவர் எங்கே அழைப்பார்?

சனிக்கிழமை மாலை நானும் சௌதாவும் கடையில் இருப்போம். சர்வர் இயங்கிக்கொண்டிருக்கும். கார்த்திகேசு அங்கிள் ஆறு மணிக்கு வருவார்.

மீனா


கடித எண் 14
1999 மார்ச் 6, சனிக்கிழமை, இரவு மணி 8.20
ஸ்காட் ரோடு, பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

அன்புள்ள மீனாவுக்கு,

கோப்பு வந்து சேர்ந்ததை நீ அறிவாய். ஆயினும் முறைப்படி எழுதி, நாளைக் காலை வீரசிங்கத்தின் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உன் கடிதம் 4ஆம் தேதி, வியாழக்கிழமை கிடைத்தது. அன்றும் மறுநாளும் நான் கணினியைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமை இரவு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். எட்டு மணி ஆனதும் எழுந்து வெளியே போகக் கால் தானாகப் புறப்பட்டது. வீட்டில் யாரும் தொலைபேசியில் பேசவில்லை. தங்கரத்தினம் போய் இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை வெள்ளிக்கிழமையும் எட்டு மணிக்கு நான் கேட் வரை போய்த் தெருவைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். ஏன் என்று நேற்றுத்தான் தெரிந்தது. நேற்று நான் போகவில்லை.

இன்று பிற்பகல் மாடியூலை ஏற்றினேன். நீ எழுதியனுப்பிய கட்டளையில் பிழை இல்லை. அது எதைக் கேட்கிறது என்பதை என் கண்ணால் பார்க்காமல் அனுமதிக்க மனம் ஒப்பவில்லை. ஆகவே முதலில் அரைப் பக்கக் கோப்பு ஒன்றை அனுப்பிக் கவனித்தேன். நீ சொன்னது சரி. திருப்பி அழைக்கும் எண்ணை மட்டும் கேட்டது, திருத்தியது, உன் சர்வரின் அழைப்பை உள்ளே விட்டது, கதவை மூடியது. எதையும் வைத்துக்கொள்ளவில்லை. அதன் பிறகு பஞ்சாங்கத்தை அனுப்பத் தொடங்கினேன்.

நடுவில் பெரும் இடையூறு ஒன்று நேர்ந்தது. பாதிக் கோப்பு போயிருக்கும்போது தொலைபேசி இணைப்பு அறுந்தது. மணி அப்போது 4.35. மறுபடி முதலிலிருந்து அனுப்பினால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். ஆறு மணிக்குள் முடியுமா என்று கணக்கிட்டேன். அதே இணைப்பில் மாடியிலும் சதுரங்கம் ஓடிக்கொண்டிருந்தால் சந்தேகம்தான். படியில் நின்று வீரசிங்கத்தைக் கூப்பிட்டேன். "நான் ஜெயிக்கிற ஆட்டம் முத்துக்குமாரு! ரெண்டு வருசத்துல இது ஒண்ணுதான்!" என்று கத்தினார். ஆட்டத்தை விட்டுவிட்டு இறங்கி வந்து என் அருகில் உட்கார்ந்தார். இருவரும் திரையில் எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அவர் கைதட்டினார். நான் தட்டவில்லை. ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவேண்டியிருந்தது.

கார்த்திகேசுவின் குறுந்தட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்திருப்பாய் என்று நம்புகிறேன்.

நாற்பத்தெட்டாம் பக்கத்தில் தேதி இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றி இனி உனக்கு எழுதமாட்டேன். பஞ்சாங்கம் ஊருக்கு. இந்த ஆண்டுத் திவசத்தின் நாளை உனக்கு வாயால் சொல்லவேண்டும். வரும் வெள்ளிக்கிழமை, மார்ச் 12, இரவு எட்டு மணிக்கு உன்னை அழைப்பேன். தொலைபேசி காலியாக இருக்கும்படி, இணையத்துக்குப் போகும் மோடத்தின் கம்பியைப் பிடுங்கி வைத்திருப்பேன். நான் அழைக்கும்போது நீ வேலையாக இருந்தால், எப்போது திருப்பி அழைப்பாய் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடு. காத்திருப்பேன், வெளியே போகமாட்டேன்.

தொலைபேசியில் எனக்குக் கேட்க வராத ஒன்று உண்டு. அதற்காக இணைப்பில் நான்காவதை வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா

இக்கடிதத்துடன் இணைத்திருப்பவை:
1. கோப்பு முழுமையாக ஏற்கப்பட்டதைக் காட்டும் பதிவின் அச்சுப்படி, ஒரு தாள்.
2. 31ஆம் பக்கத்தில் நான் பின்னர் கண்ட ஒரு திருத்தம். சிறியது, ஃபிலிமுக்கு முன் நீயே சேர்த்துவிடலாம்.
3. கைவிட்ட ஆட்டம் குறித்து வீரசிங்கத்தின் ஆட்சேபம், அவர் கைப்பட எழுதியது. அச்சிடுவதற்கல்ல.
4. கோடிட்ட வெற்றுத் தாள்கள் ஆறு. என் முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறை ஒன்று. வெள்ளிக்கிழமைகளில் உன் தாயார் உன்னிடம் பேசியவற்றில், நான் கேட்கலாம் என்று நீ நினைப்பவற்றை எழுதி அனுப்புவதற்காக. தாள் போதாவிட்டால் தெரிவிக்கவும்.